இல்லை என்று சொல்ல ஓர் ஆள்

"எங்கள் நிறுவனத்தில் சேர ஏன் விரும்புகிறீர்கள்?"

இந்தக் கேள்விக்கு ஊர் உலகத்தில் உண்மையான பதில் ஒன்றுதான்: வீட்டு வாடகை. ஆனால் அதைச் சொல்லி வேலை வாங்கியவர் யாரும் கிடையாது. கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். இருந்தாலும் தொலைநோக்கு, வளர்ச்சி, குழு மனப்பான்மை என்று நாலு வார்த்தையை ஒப்பித்துவிட்டு இருவரும் மரியாதையாகச் சிரித்துக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது. மெய்ப்பட்டை வந்து அதைக் கெடுத்தது.

மெய்ப்பட்டை என்பது மணிக்கட்டில் கட்டுகிற ஒரு வார். மனதில் இருப்பதைச் சொன்னால் பச்சை விளக்கு எரியும், இல்லாததைச் சொன்னால் சிவப்பு. முதலில் பெரிய ஐ.டி. கம்பெனிகள் வாங்கின, பிறகு வங்கிகள். பிறகு கோயம்புத்தூரில் கிரைண்டர் கம்பெனி, துணிக்கடை வரைக்கும் எல்லா இண்டர்வியூ மேஜைக்கும் அது வந்து சேர்ந்தது. வேலை கேட்கிறவர் கையில்தான் கட்டுவார்கள். கேள்வி கேட்கிறவர் கையில் ஏன் கட்டுவதில்லை என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

என் பெயர் தாரணி. ஒரு நூல் மில்லின் சோதனைக் கூடத்தில் பல வருடம் இருந்தேன். நூலை விரலில் உருட்டினாலே அது தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவேன். மில்லை விற்று அந்த இடத்தில் அடுக்குமாடி கட்ட ஆரம்பித்ததும் வெளியே வந்தேன். அதற்கப்புறம் நான் ஏறாத படி இல்லை. ஒரு மசாலாப் பொடி கம்பெனியில், சிறுவயதிலிருந்தே எனக்கு மசாலா மீது ஈடுபாடு என்றேன். பட்டை சிவப்பாக எரிந்ததோடு நிற்காமல் கீச்சென்று கத்தவும் செய்தது. எதிரே இருந்த பெண் எனக்காக வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இன்னோரிடத்தில் உண்மையையே சொல்லிப் பார்ப்போம் என்று, "சம்பளத்துக்குத்தானுங்க" என்றேன். பச்சை எரிந்தது. "உங்க நேர்மை எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்குதுங்க" என்றார்கள். அதோடு சரி.

என் கணவர் நந்தகோபால்தான் ஆர்வ ஊசியைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார். அவருக்குக் கூரியர் கம்பெனியில் வேலை, ஊர்ச் செய்தியெல்லாம் பார்சலோடு வந்துவிடும். ஆர்.எஸ். புரத்தில் டாக்டர் மனோன்மணி என்பவரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"பயப்பட ஒண்ணுமில்லீங்க," என்றார் டாக்டர். "பொய் சொன்னாத்தான செவப்பு எரியும்? நாம பொய்யே சொல்லப் போறதில்ல. எந்தக் கம்பெனின்னு சொல்லுங்க. அது மேல உங்களுக்கு நெஜமாவே ஆசை வர வெச்சுடறோம்."

"ஊசி போட்டா ஆசை வந்துருமுங்களா?"

"ஆசைங்கறது எங்கீங்க இருக்குது? மூளையிலதான? ஊசி போட்டுட்டு அரை மணி நேரம் அந்தக் கம்பெனி படத்தப் பாக்க வெப்போம். அப்ப எதப் பாக்கறீங்களோ அதுல மனசு ஒட்டிக்கும்."

"அப்பறம் எறங்கறதுக்குங்க?" என்று கேட்டார் நந்தகோபால்.

"தானா எறங்கிருமுங்க. வேலை குடுத்துட்டா எறங்கிரும். வேலை இல்லைன்னு சொல்லிட்டாலும் எறங்கிரும். ஆனா அந்தக் கம்பெனிக்காரங்க வாயால சொல்லோணும். மத்தவங்க சொன்னா மனசு ஏத்துக்காது. இதுல என்னங்க பிரச்சனை? ரெண்டுல ஒண்ணு நடந்துதான ஆகோணும்?"

ஊசியைக் கண்டுபிடித்த நாட்டில் அப்படித்தான் நடக்கிறதாம். வேலை இல்லையென்றால் மறுநாளே சொல்லிவிடுவார்களாம், முகத்துக்கு நேரே மறுப்பதுதான் அங்கே மரியாதையாம். அதை இங்கே கொண்டு வந்தவர்களில் ஒருவராவது, இது கோயம்புத்தூர் ஆயிற்றே என்று யோசித்திருக்கலாம். இங்கே யாரும் யாருக்கும் இல்லை என்று சொல்வதில்லை. கைமாற்றுக் கேட்டாலும், பெண் கேட்டாலும், கடையில் இல்லாத சாமானைக் கேட்டாலும் "பாக்கலாமுங்க" என்பதுதான் பதில். டாக்டரும் நாங்களும் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

நான் சொன்ன பெயர் திடமூடி இண்டஸ்ட்ரீஸ். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்கு மூடி செய்கிற கம்பெனி. தொட்டி அல்ல, மூடி மட்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றுக்கு எங்கள் ஊரில் பறக்காத மூடி கிடையாது என்பதால் வியாபாரம் நன்றாகவே நடந்தது. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்திருந்தார்கள். மூடிகளைப் பற்றி எனக்கு அதுவரை எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை.

ஊசியைப் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, திடமூடியின் விளம்பரப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். கறுப்பு மூடி ஒன்று மெதுவாக இறங்கித் தொட்டியின் வாயில் உட்கார்ந்து 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். முதல் தடவை எனக்குக் கொட்டாவி வந்தது. அரை மணி நேரம் கழித்து அதே 'டக்'குக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெளியே வந்து வண்டிக்கு நின்றபோது எதிர் மாடியில் ஒரு தொட்டி மூடியில்லாமல் கிடந்தது. பார்க்கப் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எல்லாம் ஊசியின் வேலை என்று எனக்குத் தெரியும். அதுதான் இதில் பெரிய கொடுமை. தெரிந்துகொண்டே ஆசைப்பட்டேன்.

கம்பெனி சின்னவேடம்பட்டியில் இருந்தது. ஹெச்.ஆர். மேலாளர் சபாபதி ஐம்பதைத் தாண்டியவர், நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கண்ணாடி அறைக்குள் போனார். அங்கே காலியாகக் கிடந்த பெரிய நாற்காலியைத் துணியால் துடைத்து, நேராகத் திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

"ஜி.எம். ரூமுங்க. இன்னும் ஆளப் போடல," என்றார். நான் கேட்கவேயில்லை.

பட்டையைக் கட்டினார். அந்தப் பழைய கேள்வியைக் கேட்டார். நான் பேசினேன். வீட்டுக்குக் கூரை எப்படியோ தண்ணீருக்கு மூடி அப்படி என்றேன். ஊரெல்லாம் திறந்து கிடக்கிற தொட்டிகளை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை என்றேன். உங்கள் மூடி பூட்டிக்கொள்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால் போதும் என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. பச்சை விளக்கு விடாமல் எரிந்தது. சபாபதியே மூக்கை உறிஞ்சினார்.

"ரொம்ப சந்தோசமுங்க அம்மிணி. காப்பி குடிச்சுட்டுப் போங்க. சொல்லி அனுப்பறமுங்க."

காப்பி நன்றாக இருந்தது. நல்ல காப்பி கொடுத்துச் சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று சாதாரண நாளில் எனக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு நான் சாதாரணமாக இல்லை.

சொல்லி அனுப்பவில்லை. போனைக் குளியலறைக்கும் எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் அடுக்குமாடியில் நல்ல மூடிகளையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுத் திடமூடி வாங்க வைத்தேன். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வேறு கம்பெனி மூடி மலிவு என்று சொன்னபோது நான் எழுந்து நின்று அழுததாக நந்தகோபால் சொல்கிறார். தமிழ்ப் புத்தாண்டுக்குச் சபாபதிக்கு வாழ்த்து அனுப்பினேன். கும்பிடுகிற கைப் படம் ஒன்று போனில் பதிலாக வந்தது. அந்தக் கையைப் பார்த்துப் பார்த்தே வைகாசி வரைக்கும் ஓட்டினேன்.

அப்போதுதான் திருப்பூரிலிருந்து வசந்தமணி அக்கா கூப்பிட்டார். மில்லில் எனக்கு மூத்தவர். சொந்தமாக நூல் சோதனைக் கூடம் ஆரம்பித்து நன்றாக நடத்திக்கொண்டிருந்தார். "உன்னையாட்டம் நூல் பாக்கறதுக்கு ஆளில்ல அம்மிணி. வந்துரு," என்றார். நானும் போனேன். ஆனால் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களின் விதிப்படி அவரும் பட்டை கட்டித்தான் ஆள் எடுக்க வேண்டும். இங்கே சேர ஏன் விரும்புகிறாய் என்று கேட்டார். நூல் என்றால் எனக்கு உயிர் என்றேன். ஊசி போடும்வரை அது சத்தியமான பேச்சு. சிவப்பு எரிந்தது. என் மனது முழுக்கச் சின்னவேடம்பட்டியில் இருந்தது.

அக்கா பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆடி முடியற வரைக்கும் அந்த எடத்த வெச்சிருக்கறேன். அதுக்குள்ள ஒரு வழி பண்ணிக்கிட்டு வா. அதுக்கு மேல... பாக்கலாம்," என்றார்.

இப்போது எனக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். திடமூடி வாயால் 'இல்லை' என்று கேட்டால் போதும், மறுநாள் திருப்பூர் பஸ்ஸில் இருப்பேன். அந்தச் சொல்லுக்காக நான் அலைந்த அலைச்சலை வேலைக்காகக்கூட அலைந்ததில்லை.

முதலில் டாக்டரிடம் ஓடினோம். ஆசையை இறக்க மாற்று ஊசி ஏதும் இல்லையா என்று கேட்டேன்.

"அது வந்துங்க... பாக்கலாமுங்க," என்றார் டாக்டர் மனோன்மணி.

வீட்டுக்கு வந்ததும் நந்தகோபாலுக்கு ஒரு யோசனை தோன்றியது. "நானே கம்பெனிக்காரனாட்டப் பேசறேன். நீ கண்ண மூடிக்கிட்டு நம்பு," என்று சொல்லிப் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் போன் அடித்தது.

"வணக்கமுங்க. திடமூடியில இருந்து பேசறமுங்க. உங்க வேலை விசயமா... அது வந்துங்க... இப்போதைக்குக் கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமுங்க."

நான் கதவைத் திறந்தேன். "ஏங்க, இல்லைன்னு சொல்லச் சொன்னா என்ன பேசறீங்க?"

"வாயே வரமாட்டீங்குது தாரணி. ஆருகிட்டயும் சொல்லிப் பழக்கமில்ல," என்றார், போனைக் கையில் வைத்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே அது அழுகையாகிவிட்டது. நல்ல மனிதர், மூடியோடு என்னைப் பங்கு போட்டுக்கொண்டு அத்தனை மாதம் வாய் திறக்காமல் இருந்தவர்.

வேறு வழியில்லாமல் கம்பெனிக்கே போனேன். கேட்டுக்கு எதிரே ஒரு பேக்கரி. எங்கள் ஊரில் டீக்கடைக்குப் பெயரே பேக்கரிதான். அங்கே பெஞ்சு பெஞ்சாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவசரமாக டீ குடிக்கவில்லை. எல்லோர் கண்ணும் கேட்டின் மேலேயே இருந்தது. மூடி ஏற்றிய லாரி ஒன்று வெளியே வந்தபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் ஓடிப்போய், தளர்ந்திருந்த கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு வந்தார்.

"நீங்களும் மூடிங்களாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

அவர் பெயர் முபாரக். பட்டறை வைத்திருந்து மூடியவர், சூப்பர்வைசர் வேலைக்காக ஊசி போட்டுக்கொண்டவர். இண்டர்வியூ முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"ஈரோட்டுல என்ற பொண்ணுக்குக் கொழந்த பொறந்திருக்குதும்மா. பேத்தி. பல்லு மொளச்சிருச்சாம். இன்னும் போயிப் பாக்கல."

"ஏன் பாய்? ஈரோடு பக்கந்தானுங்களே?"

"போன நேரத்துல கூப்புட்டுட்டாங்கன்னா?" என்றார். எனக்குச் சரியான நியாயமாகப் பட்டது. என் மேல் எனக்கே பயம் வந்தது அப்போதுதான்.

சபாபதி என்னை உட்காரச் சொல்லிக் காப்பிக்கு ஆள் அனுப்பினார். "காப்பி வேண்டாமுங்க சார். எனக்கு இங்க வேலை இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க," என்றேன். அதைச் சொல்வதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அவர் பதறிப்போனார். "என்ன பேச்சுங்க பேசறீங்க? எங்க மொதலாளி கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல இருந்து இந்த வாசல்ல வந்தவங்க ஆரையும் இல்லைன்னு திருப்பி அனுப்புனதில்லைங்க."

"ஆமான்னும் சொல்லலீங்களே சார்."

"அதுக்கு நேரம் வரோணுமல்லங்க."

"எதுக்க பேக்கரியில அத்தன பேரு உக்காந்திருக்கறாங்க. பாவமில்லீங்களா?"

"பாவந்தானுங்க. அதுனாலதான் அங்க டீ வெலையக் கொறைக்கச் சொல்லியிருக்கறமுங்க." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றனுங்க. அவங்கவங்க சொந்தக்காரங்களுக்கெல்லாம் நம்ம மூடிதான் வாங்கித் தர்றாங்க. வெளம்பரத்தையே நிறுத்திட்டமுங்க. இத்தன பிரியமா இருக்கறவங்கள எப்பிடிங்க இல்லைன்னு சொல்றது?"

அவரை மறுக்க வைத்தே தீருவது என்று எனக்கு வீம்பு வந்தது. முதலாளியின் கார் எனக்கு வேண்டும் என்றேன். "பாக்கலாமுங்க" என்றார். செவ்வாய், வெள்ளி வரமாட்டேன் என்றேன். "பாக்கலாமுங்க" என்றார். "அந்த ஜி.எம். நாற்காலியிலதான் உக்காருவேன்" என்றேன். அவர் முகம் சட்டென்று கறுத்தது. கண்ணாடி அறையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அதுக்கு வேற ஆளு..." என்று ஆரம்பித்து, விழுங்கி, "அதையும் பாக்கலாமுங்க" என்றார்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். ஆனி முடிந்து ஆடி பிறந்தது. காற்று அடித்து ஊரெல்லாம் மூடி பறந்தது. நான் வாசலில் உட்கார்ந்துகொண்டு இல்லை என்று சொல்லுங்கள், இல்லை என்று சொல்லுங்கள் என்று ஒரே பாட்டாகப் பாடினேன். பார்த்துவிட்டுப் பேக்கரியிலிருந்து இன்னும் இரண்டு பேர் கிளம்பி வந்தார்கள். சபாபதிக்குப் பகல் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் ஒரு நாள் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"முடியலீங்க அம்மிணி. வர்றவங்களுக்கு ஆறுதலாப் பேசி அனுப்ப ஒரு ஆளு வேணுமுங்க. மொதலாளிகிட்டக் கேட்டுட்டனுங்க. கேட்டுக்குப் பக்கத்துல ஒரு மேஜை போட்டுத் தர்றோம், பதில் மேஜைன்னு பேரு. இனி உங்க வாயில வர்றது கம்பெனி வாயில வந்தாப்பல. உங்களுக்குத்தானுங்க அந்த வேலை, கம்ப்யூட்டர்ல பேரும் ஏத்தியாச்சுங்க."

அந்த நிமிடமே என் தலைக்குள் ஏதோ நின்றது, ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை யாரோ அணைத்த மாதிரி. சபாபதியின் மேஜையில் மாதிரிக்கு ஒரு மூடி இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக். ஓரமெல்லாம் பிசிறு. பூட்டுகிற கொண்டி சன்னமாக இருந்தது. இத்தனை மாதத்தில் தரக்கட்டுப்பாட்டுக்காரியாக அன்றுதான் முதல் தடவை அதைப் பார்த்தேன். தேறாது.

"ரொம்ப நன்றிங்க சார். நான் வேலைய விட்டு நின்னுக்கறனுங்க," என்றேன்.

சபாபதி கொஞ்சமும் அசரவில்லை. "பாக்கலாமுங்க," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலையில் சேர்ந்தாகிவிட்டது, கணினியில் என் பெயரும் ஏறிவிட்டது. திடமூடி என்னை விடுவித்து லெட்டர் கொடுக்காமல் திருப்பூரில் சேர முடியாது, அதுவும் வெளிநாட்டுக்காரர்களின் விதி. இத்தனை நாள் உள்ளே வர முடியாமல் நின்றேன், இனி வெளியே போக முடியாமல் நிற்க வேண்டும். ஆடியில் பாதி போய்விட்டிருந்தது.

ஆத்திரத்தோடுதான் அந்த மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டிய வாசகத்தை அட்டையில் எழுதி மேஜையில் ஒட்டியிருந்தார்கள்: சொல்லி அனுப்புகிறோம். முதல் ஆளாக முபாரக் பாய் வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார்.

"உங்களுக்குக் கெடச்சிருச்சுன்னு சொன்னாங்கம்மா. மாஷா அல்லாஹ். உங்களுக்குக் கெடச்சா எனக்குக் கெடச்சாப்பல." தயங்கினார். "என்ற விசயம் ஏதாச்சும் காதுல விழுந்துச்சுங்களா?"

அவர் கண்ணில் இருந்தது எனக்குத் தெரியும். நேற்றுவரை என் கண்ணில் இருந்தது அதுதான். அட்டையில் இருந்ததைப் படித்திருந்தால் அவர் சந்தோஷமாகப் பேக்கரிக்குத் திரும்பிப் போயிருப்பார். எனக்கும் வேர்த்திருக்காது. இல்லை என்ற சொல்லை ஒரு பெரியவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை. நானும் இந்த ஊர்தான்.

"இல்லீங்க பாய்," என்றேன். குரல் கம்மியது. மறுபடி தெளிவாகச் சொன்னேன். "உங்களுக்கு இங்க வேலை இல்லீங்க. கூப்புட மாட்டாங்க. இனி வர வேண்டாமுங்க."

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். மகள் கல்யாணத்தன்றைக்கு அழுததற்கப்புறம் இன்றைக்குத்தான் அழுகிறேன் என்று சொல்லிச் சொல்லி அழுதார். கொஞ்ச நேரத்தில் அழுகை தானாக நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்டுக்குள் அடுக்கியிருந்த மூடிகளைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"இதுக்காம்மா நான் இத்தன நாளா உக்காந்திருந்தேன்?"

"இதுக்குத்தானுங்க பாய்."

"ஈரோட்டு பஸ்ஸு காந்திபுரத்துலதான ஏறோணும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ரோட்டைத் தாண்டியிருந்தார்.

பேக்கரியில் இருந்தவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சிறிது நேரத்தில் என் மேஜைக்கு முன்னால் வரிசை நின்றது. ஒவ்வொருவருக்கும் சொன்னேன். சிலர் அழுதார்கள், ஒருவர் என்னைத் திட்டினார், ஒரு பெண் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெளியூர்க்காரர்கள் போனில் கேட்டார்கள், அவர்களுக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல நாக்குப் பழகியது. ஆனால் ஒருவருக்குச் சொன்னதுபோல் இன்னொருவருக்குச் சொல்ல முடியவில்லை.

வார முடிவில் பேக்கரி காலியாகிவிட்டது. பேக்கரிக்காரர் என்னை முறைத்தார். திடமூடிக்கு ஆர்டர் குறைந்தது. சபாபதி என் மேஜைக்கு வந்து நின்றார். கோபத்தில் காது சிவந்திருந்தது. அப்போதும் அம்மிணி என்றுதான் கூப்பிட்டார்.

"என்ன காரியமுங்க பண்ணிட்டீங்க அம்மிணி? மொதலாளி ரொம்ப மனசு வருத்தப்படறாருங்க. ஒரு ஆளு பாக்கியில்லாமத் தொரத்திட்டீங்களே."

"தப்புதானுங்க சார். என்னைய வேலைய விட்டு எடுத்துருங்க," என்றேன். நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்ததே அதைத்தான். ஆடி முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

சபாபதி வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. நெற்றி நரம்பு புடைத்தது. "அது... மேல பேசிட்டு... சொல்றமுங்க," என்றார்.

எனக்கு மேஜையில் தலையை மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அவர் போகவில்லை. கம்பெனி வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, எனக்கு எதிரே, முபாரக் பாய் பிடித்துக்கொண்டு அழுத அந்த மேஜையை ஒட்டி, வந்தவர்களுக்காகப் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நானும் அந்த டாக்டரம்மாகிட்டத்தானுங்க போட்டுக்கிட்டேன்," என்றார்.

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பிறகு கண்ணாடி அறையும், துணியால் துடைத்த நாற்காலியும் ஞாபகம் வந்தன.

"ஜி.எம். போஸ்டுக்குங்களா சார்?"

"ஆமாங்க. பிரமோசனுக்கும் பட்டை கட்டறாங்களே. பச்சைதான் எரிஞ்சுதுங்க. மொதலாளி என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, பாக்கலாம் சபாபதின்னாருங்க. அப்ப என்ற பையன் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தான். இப்ப அவனுக்குக் கல்யாணம் ஆகிப்போச்சு. கல்யாணத்தன்னிக்கும் மத்தியானம் வந்து அந்தச் சேரத் தொடச்சுட்டுத்தானுங்க போனேன்." பேனாவை எடுத்தார், மறுபடி பையில் வைத்தார். "உங்க வாயில வந்தா கம்பெனி வாயில வந்தாப்பலன்னு நாந்தான சொன்னேன். சொல்லுங்க அம்மிணி."

அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. எத்தனை பேரைக் காக்க வைத்த மனிதர். அந்த அத்தனை பேரிலும் அதிக நாள் காத்திருந்தவர் இவர்தான்.

"இல்லீங்க சார். அந்த வேலை உங்களுக்கு இல்லீங்க. குடுக்க மாட்டாங்க," என்றேன்.

அவர் அழவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டு, வெயில் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

"மருமகப் பொண்ணு ஒரு நாளாச்சும் நேரமா வந்து எங்களோட ஒட்டுக்காச் சாப்புடுங்க மாமான்னு சொல்லிக்கிட்டே இருக்குது," என்றார். எழுந்தார். இரண்டடி போனவர் திரும்பினார். அந்த முகத்தில் நான் இதுவரை பார்க்காத ஒரு தெளிவு இருந்தது.

"அம்மிணி, நாளையில இருந்து நீங்க வேலைக்கு வர வேண்டாமுங்க. உங்களுக்கு இங்க வேலை இல்லை. லெட்டர இப்பவே அடிச்சுத் தர்றேன்."

எந்தக் கம்பெனியும் என்னிடம் இத்தனை அழகாகப் பேசியதில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்கலாமா என்றிருந்தது. கேட்கவில்லை, அவருக்குச் சாப்பாட்டு நேரம்.

மறுநாள் திருப்பூரில் வசந்தமணி அக்கா என் கையில் பட்டையைக் கட்டினார். இங்கே சேர ஏன் விரும்புகிறாய் என்று கேட்டார். மேஜையில் கிடந்த நூலை விரலில் உருட்டிக்கொண்டே, "நூல் எனக்குத் தெரியுங்க அக்கா. தெரிஞ்ச வேலையச் செய்யோணும், வாடகை குடுக்கோணும்," என்றேன். பச்சை எரிந்தது. அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ரொம்ப சந்தோசம் அம்மிணி. காப்பி குடி. ஊட்டுக்குப் போ, சொல்லி அனுப்பறேன்."

காப்பி வந்தது. நல்ல காப்பி. அதைத் தொடாமல் தள்ளி வைத்தேன். பட்டையை அவிழ்த்து மேஜையின் மேல் அக்கா பக்கமாக நகர்த்தினேன்.

"கையில கட்டிக்குங்க அக்கா," என்றேன். "ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி. இப்பவே சொல்லுங்க."